செங்கம் சாலையின் மூன்று பச்சை மலைகள்

2004 ஆடி மாதம். செங்கம் சாலையில் ஏதோ ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அதையும் மீறிக் கேட்கும் குரலில், என் அக்காவின் பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று, பின்பக்கத்து விடுதிக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா லைன் இது? சாயந்திரமானா செத்துப்போவுது. எங்கிட்ட தங்கியிருக்கிற வெள்ளக்காரம்மா ஒரு மெயில அனுப்பிட்டு எழுந்து போனாங்க. அவங்க மலைய ஒரு சுத்து சுத்திட்டே வந்துட்டாங்க, மெயிலு இன்னும் கெளம்பல!"

"அது மெயில் தப்பில்லண்ணே. அந்தம்மா வேகமா நடக்கறாங்க" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. "வெளையாடாத தங்கச்சி. கார்த்திகை தீப சீசனுக்குள்ள இது சரியாவணும். இல்லன்னா நான் தனியா லைன் எடுத்துக்கறேன். அப்புறம் நீயாச்சு, உன் லைனாச்சு."

அவர் போன பிறகு அக்கா கணக்கு நோட்டை எடுத்து லைன் செலவைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள்.

அந்த இன்டர்நெட் லைன் மூன்று பேருக்குப் பொது. சாலையைப் பார்த்த கீழ்த்தளத்தில் அக்காவின் சென்டர். மாடியில் வெளிநாட்டினரும் வடநாட்டினரும் வந்து உட்காரும் ஒரு கஃபே. பின்னால், வேப்பமரம் தாண்டி, இந்த விடுதி. மூவரும் பங்கு போட்டு வாங்கிய இணைப்பு அக்காவின் சென்டரில் இறங்கி, அங்கிருந்து ஒரு கேபிள் மாடிக்கும் இன்னொன்று மதில்மேல் ஏறி விடுதிக்கும் போனது. விடுதிக்காரர் கழன்றுகொண்டால் மற்ற இருவரால் அந்த லைனைத் தாங்க முடியாது. லைன் போனால் அக்காவின் சென்டரும் போய்விடும்.

அக்காவுக்கு அது வெறும் கடை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே அறையில் எஸ்.டி.டி. பூத் வைத்தவள் அவள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, மகன்களை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிய தாய்மார்கள் அங்கே வந்து காத்திருப்பார்கள். சிவப்பு எழுத்தில் மீட்டர் ஏற ஏற அவர்கள் பேச்சு சுருங்கும். "நல்லா கீறியா, நல்லா கீறோம், வெச்சிடறேன்." அவ்வளவுதான். 2004 சித்திரையில் அக்கா இரண்டு கணினிகளுக்கு வெப்கேம் மாட்டினாள். அதே தாய்மார்கள் இப்போது மகனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். குவைத்தில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் பையனுக்கும், காட்டு வேலை முடித்துப் பஸ் பிடித்து வரும் தாய்க்கும் பொருந்துகிற பொழுது ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம்.

நான் நூலகத்தில் வேலை செய்தேன். 1989இல் சேர்ந்தேன். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதும் அதே ஆண்டுதான். அன்று முதல் ஊர் நடப்பைத் தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த ஆண்டு ஏரி நிரம்பியது, எந்தத் தெருவுக்கு முதலில் குழல்விளக்கு வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன் என்பது அக்காவின் குற்றச்சாட்டு. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமையும் மற்ற நாட்களின் மாலையும் சென்டரின் இயந்திரங்கள் என் பொறுப்பு.

"யாரு லைன உறிஞ்சுறாங்கன்னு கண்டுபுடி" என்றாள் அக்கா. "எப்ப மழ பேஞ்சுதுன்னு எழுதி வெக்கிறல்ல? அந்த மாதிரி இதையும் எழுதி வை."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அதற்கென்றே ஒரு நிரல் உண்டு என்று கணினிப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தேன். ஓரமாகக் கிடந்த பழைய கணினி ஒன்றில் மூன்று பக்கத்துக்கும் தனித்தனியாகக் கேபிள் மாட்டும் நெட்வொர்க் அட்டை செருகினேன். பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். வெளியிலிருந்து வரும் லைன் இந்தக் கணினிக்குள் நுழைந்து மூன்றாகப் பிரிந்து போகும்படி செய்தேன்.

ஒவ்வொரு அட்டைக்கும் உள்ளே ஒரு மீட்டர் உண்டு. வீட்டு கரண்ட் மீட்டர் போலத்தான். வந்ததையும் போனதையும் கூட்டிக்கொண்டே இருக்கும், குறையவே குறையாது. நிரலின் வேலை மின்வாரியக் கணக்கெடுப்பாளரின் வேலை: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்து, போன முறை இருந்ததைக் கழித்து, வித்தியாசத்தைப் படமாக வரைவது. வருவது பச்சை, போவது நீலம். எந்த அட்டை யாருடையது என்று நான்தான் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் செய்து முதல் முறை ஓடவிட்டபோது படம் வெறுமையாக இருந்தது. அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே காணோம்?"

"ரெண்டு தடவ மீட்டர் பாத்தாத்தான்கா கழிக்க முடியும். கொஞ்சம் இரு."

இருந்தாள். மூன்று படங்களிலும் இடது மூலையில் பச்சையாகப் புல் முளைத்தது. இரவுக்குள் புல் குன்றாகியது. மறுநாள் மாலை மூன்று பச்சை மலைகள் நின்றன.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் கண் நின்றுவிடும். படத்தை அக்காவின் மேசைக் கணினியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தேன். குற்றவாளி வெட்கப்பட்டுத் திருந்துவான் என்பது என் எண்ணம். நடந்தது வேறு. கஃபேக்காரர் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். எங்களைவிடச் சின்னவர், கலகலப்பான ஆள்.

"சார், நேத்து நம்ம மலை எப்படி?"

"உச்சியில ரெண்டு முனை."

"ரெண்டா! நேத்து கிடார் கோஷ்டி வந்துச்சு, அதான்."

விடுதிக்காரரும் வந்து பார்த்தார். அவருடைய படத்தில் காலை முதல் இரவு வரை பச்சை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூன்றிலும் முழுசாக நிரம்பிய மலை அதுதான். அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா தங்கச்சி, சீசன் இல்லாதப்பவே நம்ம வூடு இப்படி ஓடுது" என்று சொல்லி அதை அச்செடுத்து வாங்கிப் போய் வரவேற்பறையில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார். அதைக் கேள்விப்பட்ட கஃபேக்காரர் மாடியில் வாடிக்கையாளர்களிடம் போய், காபி குடித்துவிட்டு உடனே எழுந்து போகவேண்டாம், இன்னும் கொஞ்சம் நெட் பாருங்கள் என்று கெஞ்சத் தொடங்கினார். மாலைகளில் லைன் முன்னைவிட மோசமானது.

அக்காவுக்குப் பொறுமை போனது. எதிர் டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது சொல்லிவிட்டாள்: "எல்லாத்தையும் அந்தண்ணன் வூட்டுலதான் உறிஞ்சுறாங்க. நம்பலன்னா வந்து படத்தப் பாருங்க. அவுரு மலைதான் கூரைய இடிக்குது."

அது மதிலைத் தாண்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. விடுதிக்காரர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்தார்.

"நான் தின்னுட்டா எனக்கே ஏன் பசிக்குது? சொல்லு! நானே திருடி நானே வந்து கம்ப்ளெய்ன்ட் குடுப்பனா?"

"படம் சொல்லுதுண்ணே."

"படம் சொல்லுதா? சரி. தீபத்துக்கு அப்புறம் அந்தப் படத்துல எனக்கு எடமே வேணாம். தனி லைனுக்கு எழுதிக் குடுக்கறேன்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மீட்டரைச் சோதித்தேன், பெயர்களைச் சோதித்தேன், கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

புரட்டாசியில் விடுதிக்கு வெள்ளையடித்தார்கள். சீசனுக்கு முன்னால் வருடா வருடம் நடப்பதுதான். தங்குவோர் யாரும் இல்லை. கட்டில்களெல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டன. அன்று ஒரு வெள்ளிக்கிழமை. கஃபேக்காரர் வழக்கம்போல் எட்டிப் பார்த்து, "சார், இங்க பாருங்க" என்றார்.

விடுதியின் மலை அப்படியே நின்றது. அடிவாரம் முதல் உச்சிவரை, ஒரு குறையும் இல்லாமல்.

"ஆளே இல்லாத வூட்டுல யாரு அக்கா நெட் பாக்கறாங்க? சுண்ணாம்பு அடிக்கிறவங்களா?"

மூன்று பேரும் மதிலோரமாகப் போனோம். அக்கா முன்னால். விடுதிக்காரர் எங்களோடு பேசாமல், விரலால் உள்ளே காட்டினார். வரவேற்பறையில் சுண்ணாம்பு தெறிக்காமல் பழைய புடவை போர்த்திய ஒரே ஒரு கணினி. புடவையைத் தூக்கிப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புது மெயில் வந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்து, சும்மா இருந்தது. வேறு எந்த அறையிலும் கம்பிகூட இல்லை. எல்லாம் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"எங்க மலைய காட்டுங்க பாக்கலாம்" என்றார் விடுதிக்காரர். "எந்த ரூம்ல கீது?"

திரும்பி வந்து படத்தின் முன் உட்கார்ந்தேன். மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதல் முறையாக இடது ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன். மூன்று படங்களிலும் எண்கள் வேறு வேறாக இருந்தன.

விஷயம் இதுதான். போட்டோ ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்தால் கைக்குழந்தையின் தலையும் பயில்வானின் தலையும் ஒரே அளவாகத்தான் சட்டத்தை நிரப்பும். இந்த நிரலும் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு படத்திலும் எது பெரிய அளவோ அது கூரையைத் தொடும்படி தானாகவே இழுத்து வரைந்தது. நாள் முழுக்க ஒரே சீராகத் துளித்துளியாகச் சொட்டிய விடுதியின் சொட்டு, நாள் முழுக்கக் கூரை உயரத்தில் நின்றது. அதை நாங்கள் பெருவெள்ளம் என்று நினைத்தோம். மலை என்றால் உயரத்தைப் பார்க்கும் ஊர். அளவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இழுத்து வரையாதே என்று அமைப்புக் கோப்பில் மூன்று பேருக்கும் ஒரு சொல் சேர்த்தேன். லைனின் முழுக் கொள்ளளவையே மூன்று படங்களுக்கும் கூரையாக எழுதினேன். அடுத்த கணக்கெடுப்பு வர ஐந்து நிமிடம் காத்திருந்தோம்.

படங்கள் புதிதாக வந்தன. விடுதியின் மலை தரையோடு தரையாக ஒரு பச்சைக் கோடு. கஃபே ஒரு சின்ன மேடு. மூன்றாவது படத்தில், முந்தின நாள் மாலையில் பச்சை எழும்பி, அதற்கும் மேலே நீலம் போய்க் கூரையில் முட்டி, தட்டையாகி நின்றது. அது அக்காவின் சென்டர். கூரையில் முட்டிய நீலம், வெப்கேம் வழியாகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த தாய்மார்களின் முகங்கள்.

கஃபேக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, உங்க மலைக்கு தீபமே ஏத்தலாம் போல."

அக்கா அவரை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் படத்தை அச்செடுக்கச் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு நேரே எதிர் டீக்கடைக்குப் போனாள். விடுதிக்காரரையும் அங்கே கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணே, இந்த எடத்துல உக்காந்துதான் உங்க மேல பழி போட்டேன். அதனால இங்கயே சொல்றேன். லைன தின்னது நான்தான். நீங்க தொட்டுக்கக்கூட இல்ல. பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"இன்னாது, என் வூடு இவ்ளோதானா?"

டீக்கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் எழுந்திருக்கும்போது சொன்னார்: "தப்ப ஒத்துக்கின, சந்தோஷம். ஆனா லைன் செத்துதான கீது? தீபத்துக்கு ரூம் கேக்கறவங்க, நெட் கீதான்னு கேட்டுட்டுத்தான் மத்தது கேக்கறாங்க. அந்த கேமராவ கழட்டிடு தங்கச்சி. நான் எங்கயும் போவல."

அக்கா அன்று சாயங்காலம் கழற்றவில்லை, மறுநாளும் கழற்றவில்லை. "பஸ்ஸு புடிச்சி வந்து நிக்கிற அம்மாகிட்ட, உன் புள்ளய பாக்க முடியாதுன்னு நீ போய் சொல்றியா?" என்று என்னைக் கேட்டாள். நான் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அதே சமயம் விடுதிக்காரர் போய்விட்டால் கேமரா மட்டும் இருந்து என்ன பயன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நிரல் நாள்படத்தோடு வாரப்படமும் மாதப்படமும் வரைந்துவந்தது. யார் லைனைத் தின்கிறார்கள் என்று தேடிய கண்ணால் இப்போது எப்போது லைன் சும்மா கிடக்கிறது என்று தேடினேன். காலை நேரம் முழுக்கப் பள்ளத்தாக்கு. வெளிநாட்டினர் ஆசிரமத்திலோ மலைமேலோ இருப்பார்கள். அப்படியானால் கேமராவை வெள்ளிக்கிழமை முற்பகலுக்கு மாற்றலாம். அன்று குவைத்திலும் மஸ்கட்டிலும் பையன்களுக்கு விடுமுறை, எனக்கும் விடுமுறை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: மாதப்படத்தில், மற்ற மாலைகளெல்லாம் முட்டிக்கொண்டு நிற்கையில், ஒரே ஒரு மாலை மட்டும் மூன்று படங்களிலும் பல் விழுந்த இடம் போலக் காலியாக இருந்தது. முதலில் கரண்ட் போன நாளோ என்று நினைத்தேன். முந்தைய மாதத்திலும் ஒரு பள்ளம். தினசரி காலண்டரைப் பார்த்தேன். இரண்டும் பௌர்ணமி. அன்று மாலை தங்கியிருப்பவர்கள் எல்லோரும் கிரிவலம் போய்விடுகிறார்கள். சென்டரையும் அக்கா சாத்திவிடுவாள்.

அக்கா தாய்மார்களிடம் சொன்னாள்: "இனிமே வெள்ளிக்கெழம பகல்ல வாங்க. படம் தெளிவாத் தெரியும்."

"வெள்ளிக்கெழமையா? வூடு மொழுவறது யாரு? கோயிலுக்குப் போறது யாரு?" என்றாள் ஒரு தாய். நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேறு போய்விடும் என்றாள் இன்னொருத்தி.

"அப்ப பௌர்ணமிக்கு வாங்க."

"அதுக்குத்தான் எப்பிடியும் வருவமே!"

வருவார்கள்தான். மாவட்டத்தில் பாதி வரும். கிரிவலப் பாதை எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. இத்தனை காலமும் அந்தக் கூட்டத்தின் நெரிசலுக்குப் பயந்து, பௌர்ணமிக்கு அக்கா கதவைச் சாத்திவைத்திருந்தாள்!

சாதாரண மாலைகளில் கேமரா இல்லை என்று முடிவானது. லைனை மூன்று பங்காகப் பிரித்து, ஒருவர் பங்கை இன்னொருவர் தொடக் கூடாது என்று விடுதிக்காரர் சொன்னபடி பழைய கணினியில் கட்டுப்பாடு போட்டேன். அவர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். "ஐப்பசி மட்டும் பாக்கறேன். சரியா வரலன்னா எழுதிக் குடுத்துடுவேன். அப்ளிகேஷன் பையிலயே கீது." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

ஐப்பசிப் பௌர்ணமி. பொழுது சாய்வதற்குள் வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. பாதி சுற்று நடந்து வந்தவர்கள், இனிமேல் நடக்கப்போகிறவர்கள், கையில் கற்பூரத்தோடு வந்தவர்கள். அக்கா வரிசை போட்டு உட்காரவைத்தாள். விடுதிக்காரர் லைன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். அவர் விடுதியில் அன்று ஒருவரும் இல்லை, எல்லோரும் நடக்கப் போயிருந்தார்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, போய்த் தன் விடுதி பிளாஸ்டிக் நாற்காலிகளை மதில்மேல் வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார்.

கேமரா முன் ஒரு கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அம்மா. திரையில் மகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. பங்கு பிரித்த பிறகு அக்காவின் பக்கத்துக்கு இரண்டு கேமரா தாங்கவில்லை.

"இன்னாடா இப்படி நிக்கிற? கொட்டாவி வுடறியா?" என்று அந்த அம்மா திரையைக் கேட்டார்.

விடுதிக்காரர் என் தோளைத் தட்டினார். "ஏன் நிக்குது?"

"அக்கா பங்கு அவ்வளவுதான் சார். மத்தது உங்க பக்கமும் மாடியிலயும் இருக்கு."

"எங்க பக்கத்துல யாரு கீறாங்க? பூனதான் கீது. என் பங்கையும் இங்கயே தொறந்து வுடு."

"நீங்கதான் யாரும் தொடக் கூடாதுன்னு..."

"நான்தான் சொன்னேன், இப்பவும் நான்தான் சொல்றேன். தொற சார். பௌர்ணமின்னா இங்க, மத்த நாள் எனக்கு. தீபத்தன்னிக்கும் அப்படியே வெச்சுக்கோ."

"அப்ப அந்த அப்ளிகேஷன்?" என்றாள் அக்கா, வரிசையிலிருந்து தலையைத் திருப்பாமலே.

"அதுல பொட்டுக்கடல மடிச்சிட்டேன், போ."

உள்ளே போய் ஒரு வரியை மாற்றி எழுதினேன். சில நொடிகளில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பையன் வாயை மூடினான், பிறகு சிரித்தான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அவன் தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த புது முகத்தைக் கண்டு, "யாரும்மா அது?" என்றான்.

"லைன் குடுத்தவருடா!"

விடுதிக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கேமராவை விட்டுவிட்டுத் திரையில் தெரிந்த பையனின் கண்ணையே பார்த்து, கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல் உரக்கக் கேட்டார்:

"சாப்டியாப்பா?"